சைடு வேலை – 14: கல்லுக்குப் போகிற வரி

ஐந்து இருபதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிறையப் பதினெட்டு நிமிஷம் ஆகும். அதற்குள் கேட்டில் தொங்குகிற பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி, அடுப்பில் ஏற்றினேன். பால் பொங்கியது. மோட்டாரை நிறுத்தினேன். இனியாவின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டேன். ஆறு மணிக்கு அவளை எழுப்பினேன். ஆறு பத்துக்கு மறுபடி எழுப்பினேன்.

இரட்டைப் பின்னல் போட எனக்கு இப்போது ஏழு நிமிஷம் ஆகிறது. போன வருஷம் இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

"அப்பா, இந்தப் பக்கம் டைட்டு."

"சரி."

"அந்தப் பக்கம் லூசு."

"சரி."

"சரி சரின்னா எப்புடி? அவுத்துப் போடுங்க."

அவிழ்த்துப் போட்டேன். இன்றைக்குப் பதினான்கு நிமிஷம்.

அத்தை உப்புமாத் தட்டை மேஜையில் வைத்தாள். "சாப்புடுங்க" என்றாள். காலையில் அவள் என்னிடம் பேசுவது அந்த ஒரு வார்த்தைதான். இனியாவிடம் மட்டும், "கண்ணு, தக்காளிய ஒதுக்காம சாப்புடோணும்" என்றாள். இனியா ஒதுக்கினாள். அத்தை அதை எடுத்து என் தட்டில் போட்டாள்.

மதுக்கரையில், மாமனார் வீட்டில், இது எனக்குப் பன்னிரண்டாவது மாதம். வருகிற ஞாயிறோடு என் மனைவி லின்சி போய் ஒரு வருஷம் ஆகிறது. கல்லறையில் கல் நட்டு, வீட்டில் ஜெபக் கூட்டம் வைப்பதாக ஏற்பாடு.

தமிழ்ச்செல்வன் வந்து போய் ஐந்து நாள் ஆகிறது. அவர் ஆர்கெஸ்ட்ராவில் நான் பன்னிரண்டு வருஷம் கீபோர்டு வாசித்தவன். ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேலை இருக்கிறது, தங்க வீடு தருகிறார்கள், இனியாவை அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள் பதில் வேண்டும் என்றார்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வீட்டில் யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

"மாப்ள" என்று மாமா கூப்பிட்டார்.

மாமா தேவானந்தம் சிமெண்ட் ஆலையில் பேக்கிங் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். எந்தச் சாமானையும் எடுத்த இடத்தில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"உங்க ஃபோனுக்கு ஒண்ணு அனுப்பிருக்கறேன். பாத்தீங்களா?"

"இல்லீங்க மாமா."

"கல்லுக்கு எழுத்து. கல்லு வெட்டற சாமுவேல் அண்ணன் கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பிருக்காரு. பிழை கிழை இருக்குதான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க. நீங்க டிடிபி வேலை பாத்தவரு. உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

"சரிங்க."

"மூணு மணிக்கு மெஷின்ல ஏத்தறாராம். அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. கருங்கல்லு பாருங்க. ரப்பர் வெச்சா அழிக்க முடியும்?"

அவரே சிரித்தார். சிரித்துவிட்டு இருமினார்.

ஃபோனைத் திறந்தேன். கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. மேலே ஒரு சிலுவை. லின்சி மெர்வின். பிறந்த தேதி, இறந்த தேதி. அதற்குக் கீழே ஒரு வரி:

'என் அப்பா அம்மாவை விட்டுப் போயிடாதீங்க.'

டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு நாங்கள் போட்ட எழுத்துரு. பிழை இல்லை.

அந்த வரியை லின்சி சொல்லவில்லை. நான் சொன்னேன்.

*

மாமாவின் குடும்ப வேதாகமத்தில் பின்பக்கம் நாலு தாள் காலியாக இருக்கும். அதில் வீட்டில் இறந்தவர்களின் பெயரும் தேதியும், கடைசியாக அவர்கள் பேசியதும் எழுதியிருக்கிறது. மாமாவின் தாத்தா ஆரம்பித்த வழக்கம். பிறர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். ஞானஸ்நானம் வாங்கின பிறகு எழுதப் படித்தார். எழுதத் தெரிந்ததும் முதலில் எழுதியது அவருடைய அப்பா கடைசியாகச் சொன்னதை.

'மாட்டுக்குத் தண்ணி வெச்சாச்சா.' அவ்வளவுதான் அந்த வரி.

அதற்குக் கீழே தாத்தாவினுடையது. 'காலைக் கொஞ்சம் நீட்டி விடு.' மாமாவின் அம்மாவினுடையது. 'கதவைச் சாத்து, பூனை வருது.' சொன்னது சொன்னபடி இருக்கும். ஒரு எழுத்துக்கூட மாற்றுவதில்லை என்பதில் மாமாவுக்குப் பெருமை.

லின்சிக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் எனக்கு ஈரோட்டில் ஒரு ரிசப்ஷன் இருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். போங்க என்றாள். போனேன். விடியற்காலையில் மாமா ஃபோன் செய்தார். மேடைச் சட்டையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பதினொன்று பத்துக்கு உள்ளே விட்டார்கள். ஒரு ஆள் மட்டும், இரண்டு நிமிஷம்.

கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாக மாமா பார்த்திருக்கிறார். அவள் வாய் அசைந்ததையும் பார்த்திருக்கிறார்.

எல்லாம் முடிந்த பிறகு வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னா? கடைசியா உங்ககிட்டத்தான் பேசுனா. நான் பாத்தேன். என்ன சொன்னான்னு சொல்லுங்க மாப்ள."

அவள் சொன்னதைச் சொல்ல முடியவில்லை. எதிரே பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு ஒரே பெண். வாயில் வந்ததைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாமா அதை வேதாகமத்தில் எழுதினார். அந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே அழகான வாக்கியம் அதுதான். எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

பதினைந்து நாளில் கோவை ராமநாதபுரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். மதுக்கரையில் தங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை கட்டினார்கள். மாமா தெரிந்தவரிடம் பேசி எடைமேடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். "அவ சொன்னதுக்காச்சும் செய்யோணுமில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்வதற்கு வழி இல்லை. வழியை அடைத்த வரி என்னுடையது.

*

எடைமேடை பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. லாரி முதலில் காலியாக வந்து ஏறும். பிறகு லோடு ஏற்றிக்கொண்டு வந்து ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. சக்கரம் எல்லாம் மேடைக்குள் இருக்கிறதா, டிரைவர் இறங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் எடையை ஏற்றி ரசீது எடுக்க வேண்டும். எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை இதுதான்.

இது எனக்கு ஆறாவது வேலை. ஆறாவது சைடு வேலை என்று லின்சி இருந்தால் சொல்லியிருப்பாள்.

பி.காம். முடித்ததும் காந்திபுரத்தில் ஒரு டிடிபி கடை. பகலில் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். சாயங்காலம் அதே கல்யாணத்தில் கீபோர்டு வாசித்தேன். பத்திரிகையில் நானே அடித்த நேரத்துக்கு நானே தாமதமாகப் போன நாளும் உண்டு. சபைப் பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவள் லின்சி. சில பாட்டுகளுக்கு ஸ்கேல் தப்பாக எழுதியிருந்தது. கேட்காமலே திருத்திவிட்டேன். மறுநாள் வந்து நின்றாள்.

"ஏனுங்க, யாரு ஸ்கேலை மாத்துனது?"

"நான்தானுங்க."

"எங்க சபை பாடறது உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"அந்த ஸ்கேல்ல யாராலயும் பாட முடியாதுங்க."

"நாங்க பாடறோம். வந்து கேளுங்க."

போய்க் கேட்டேன். பாட முடியவில்லை. அவளே சிரித்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றிலிருந்து அந்தச் சபையில் நான் வாசித்தேன்.

டிடிபி கடையை மூடியதும் ஒரு செல்போன் கடையில் ரிங்டோன் ஏற்றிக் கொடுத்தேன். பிறகு ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் ஒரு சீசன் முழுக்க ஏலச் சீட்டு எழுதினேன். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளுக்கு இடையில் அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. லின்சி பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

பல்லடத்தில் மூன்று வருஷம் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர். பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிக்குஞ்சை எடை போட வேண்டும், செத்ததை எண்ண வேண்டும். வீட்டுக்கு வந்தால் லின்சி வாசலிலேயே மறிப்பாள். "குளிச்சுட்டுப் பொட்டியத் தொடுங்க."

"உன்னத் தொடலாமா?"

"எனக்குக் கோழி நாத்தம் பழகிப்போச்சு. பொட்டிக்குப் பழகல."

கீபோர்டுக்கு அவள் வைத்த பெயர் பொட்டி. தன் பழைய பட்டுப்புடவையை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து அதற்கு உறை தைத்தாள். எனக்குக் கர்சீப்கூடத் தைத்ததில்லை.

பல்லடத்தில் ஒரு நாள் பண்ணை வாசலில் காருக்குள் கீபோர்டை விட்டுவிட்டு உள்ளே போனேன். பங்குனி வெயில். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் உள்ளே பசை இளகி, நாலு கட்டை அமுங்கினபடி நின்றிருந்தது. அன்று சாயங்காலம் அந்த நாலு கட்டையை விட்டுவிட்டே ஒரு நிச்சயதார்த்தத்தை ஓட்டினேன். லின்சி முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் திட்டினாள். அதற்குப் பிறகு நான்கு வருஷம் கால் டாக்ஸி ஓட்டினேன். கீபோர்டு டிக்கியிலேயே இருக்கும். மத்தியானம் ஃபோன் செய்தால் முதலில் பொட்டியைப் பற்றித்தான் கேட்பாள், நான் சாப்பிட்டேனா என்று கடைசியில்தான் கேட்பாள்.

எடைமேடை வேலைக்கு வந்த புதிதில் கீபோர்டை விற்றுவிடலாம் என்று ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனேன். போகிற வழியில் எடைமேடை. என்ன தோன்றியதோ, இறக்கி மேடையில் வைத்துப் பார்த்தேன். ஏழு கிலோ இருக்கும். இந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். பூஜ்யம் என்று காட்டியது.

விற்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. உறையைக்கூடக் கழற்றவில்லை.

*

பன்னிரண்டு மணிக்குத் தமிழ்ச்செல்வன் கூப்பிட்டார்.

"மெர்வினு, நாலு மணிக்குக் கையெழுத்துப் போடறாங்களாம். உன் பேரச் சொல்லட்டுமா?"

"மாமாகிட்டச் சொல்லிட்டுக் கூப்புடறேனுங்கண்ணா."

"அஞ்சு நாளா இதையேதான் சொல்றே. அவரு உனக்கு மாமனாரா, கலெக்டரா? மனு குடுத்துட்டு நிக்கறியா?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ வாசிச்சதெல்லாம் ராத்திரிதான் மெர்வினு. பகல்ல எவனுக்கோ வேலை செஞ்சே. பகல்ல வாசிக்கற வேலை இது. இன்னொருக்கா வராது."

"தெரியுமுங்கண்ணா."

"பாப்பாவ நெனச்சுப் பாரு."

அதைத்தான் நினைத்தேன். இனியா இல்லாமல் அந்த வீட்டில் தக்காளியை யார் ஒதுக்குவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு லாரி ஏறியது. டிரைவர் கருப்புசாமி இறங்கி ஜன்னலுக்கு வந்தார். வாரத்தில் மூன்று நாள் சிமெண்ட் ஆலைக்குச் சாம்பல் லோடு கொண்டுவருகிறவர்.

"ஏனுங்க வாத்தியாரே, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். எங்கூரு கோயில் நோம்பிக்கு வந்து பொட்டி வாசிச்சவருதானுங்க நீங்க?"

"எந்த ஊருங்க?"

"சூலூர்ப் பக்கம். மழ வந்து பாதியில நின்னுபோச்சு."

"ஆமாங்க. நான்தான்."

"அப்ப மீதிப் பாதி எங்களுக்கு வரோணுமுங்க. எப்ப வாரீங்க?"

"இப்ப வாசிக்கறதில்லீங்க."

"ஏனுங்க?"

"இங்க வேலைங்க."

அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். ரசீதை வாங்கிக்கொண்டு போனவர் உடனே திரும்பி வந்தார். கூடவே உள்ளிருந்து அன்புச்செல்வியும் எழுந்து வந்தாள். என்னோடு வேலை பார்க்கிற பெண். கணக்கில் புலி.

"மெர்வின் அண்ணா, இவரு லோடு கொண்டு வந்தாரா, இல்ல நம்ம மேடையத் தூக்கிட்டுப் போறாரா? மைனஸ் பதினெட்டு டன்னுன்னு வருதுங்க."

காலி எடை இருக்க வேண்டிய இடத்தில் லோடு எடையைப் போட்டிருந்தேன். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

"மாத்திக் குடுக்கறேன், உடுங்க" என்றாள். மாற்றிக் கொடுத்தாள். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஊட்டுக்குப் போங்கண்ணா. நான் பாத்துக்கறேன். இன்னொரு மைனஸ் போட்டீங்கன்னா ஓனரு நம்மளைய மேடையில ஏத்தி எடை போடுவாரு."

மணி இரண்டு பத்து. புறப்பட்டேன்.

*

மாமா நாற்காலியில் இருந்தார். எதிரே மேஜையில் ஃபோன். ஃபோனுக்குப் பக்கத்தில் வேதாகமம். அத்தை கீழே உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். இனியா பள்ளியிலிருந்து வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"என்னுங்க மாப்ள, இந்நேரத்துல? ஒடம்புக்கு முடியலீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேனுங்க."

"எழுத்துப் பாத்தீங்களா? பதிலே காணோமே."

"பாத்தேனுங்க. பிழை இல்லீங்க."

சொல்லிவிட்டேன். டிடிபி கடையில் தினம் பத்துப் பேரிடம் சொன்ன வார்த்தை. பழக்கத்தில் வந்துவிட்டது.

"அப்ப சாமுவேல் அண்ணனுக்குச் சொல்லிடறேன்" என்று ஃபோனை எடுத்தார்.

"மாமா, ஒரு நிமிஷமுங்க."

ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

"ஈரோட்டுல ஒரு வேலை வந்திருக்குதுங்க. பள்ளிக்கூடத்துல. மியூசிக் டீச்சர். வீடு குடுக்கறாங்க."

"நீங்க மட்டும் போய்ட்டுப் போய்ட்டு வருவீங்களா?"

"இல்லீங்க. பாப்பாவும்."

அத்தையின் கத்தி நின்றது. பிறகு மறுபடி அரிந்தது.

மாமா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க இஷ்டத்துக்கு நான் குறுக்க நிக்கலீங்க மாப்ள. நின்னா தப்பு. ஆனா இதை நான் கேட்டு வாங்கல. லின்சி சொன்னான்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. எம்பட பாட்டன் காலத்துலருந்து இந்தப் புஸ்தகத்துல இருக்கற ஒரு வார்த்தையும் யாரும் மீறுனதில்ல. மீறற மாதிரி எந்த வார்த்தையும் இருந்ததில்லைங்கறது வேற." வேதாகமத்தின் மேல் கையை வைத்தார். "அவ வார்த்தை ஒண்ணுதான் செய்யறதுக்குன்னு இருக்குது. அதையும் வேண்டாம்னா சொல்லுங்க. கல்லுல போட வேண்டாம்."

நான் வாயைத் திறந்தேன். ஃபோன் அடித்தது.

"சாமுவேல் அண்ணன்" என்று சொல்லிவிட்டு மாமா ஸ்பீக்கரில் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லா ஃபோனும் ஸ்பீக்கரில்தான்.

"ஸ்தோத்திரமுங்கண்ணா. கல்லு மெஷின்ல இருக்குதுங்க. எழுத்து சரிங்களா? ஏத்திடட்டுங்களா?"

"லைன்லயே இருங்கண்ணா. மாப்ளகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஃபோனுக்குள் எங்கோ கல் அறுக்கிற சத்தம் கேட்டது.

"அவரு போகட்டும், உடுங்க" என்றாள் அத்தை.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"அந்தப் பொட்டி வாசிக்கற வேலைதான? அதுக்குத்தான் போவாரு. அவருக்கு என்னைக்கும் அதுதான் பெருசு. நானும் ஒரு வருஷமா வாயத் தொறக்கல."

"சகாயம், என்ன பேசறே நீயி?" என்றார் மாமா.

"பாத்ததப் பேசறேனுங்க." கத்தியை முறத்தில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க கதவுகிட்ட நின்னீங்க. நான் நிக்க முடியாம அக்கட்ட ஜன்னலோரத்துல போயி நின்னேன். அங்கருந்து பாத்தாக் கீழ வண்டியெல்லாம் நிறுத்தற எடம் தெரியும். உள்ள எம்புள்ளைக்கு மூச்சு வாங்குது, நர்ஸம்மா எல்லாரும் ஓடறாங்க. நான் கீழ பாத்தா, இவரு அந்தப் பொட்டியத் தூக்கிட்டு நடந்து போறாரு. ரெண்டு கையிலயும் ஏந்தி. கொழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி."

மாமா ஃபோனைக் கையால் மூடினார்.

"உள்ளாற அவ கூட நிக்க வேண்டிய ஆளு. ரெண்டு நிமிஷம் குடுத்தாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துலயும் பாதியில வெளிய வந்துட்டாரு. அவருக்குக் காப்பி வேணும்போலன்னு நெனச்சேன். பாத்தாப் பொட்டி." அத்தை என்னை நேராகப் பார்த்தாள். இந்தப் பதினோரு மாதத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இல்லை. "நீங்க அப்பா அம்மான்னு ஏதோ சொன்னீங்க. இவரு எழுதிக்கிட்டாரு. நான் அதக் கேக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போட்டு எங்க வேணா போங்க. பொண்டாட்டி உசுரு போற நேரத்துல அந்தப் பொட்டி உங்களுக்கு எதுக்குங்க?"

பதில் என்னிடம் இருந்தது. ஒரு வருஷமாக இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கல்லில் வரி ஏறும், நான் அந்த ஆளாகவே இந்த வீட்டில் இருப்பேன். சொன்னால் மாமாவின் புஸ்தகத்தில் இருக்கிற ஒரே பொய் என்னுடையது என்றாகும்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?" என்றார் சாமுவேல், மாமாவின் உள்ளங்கைக்குள்ளிருந்து. "ஏத்திடட்டுங்களா?"

"ஏத்த வேண்டாமுங்க" என்றேன்.

மாமாவின் கை அப்படியே இருந்தது. அவருக்குக் கேட்டதா, சாமுவேலுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"அந்த வரி அவ சொன்னதில்லீங்க மாமா. நானாச் சொன்னது."

அத்தைதான் கேட்டாள்.

"அப்ப நெசமா என்ன சொன்னா?"

அத்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நடுவில் முறம் இருந்தது.

நான் உள்ளே போனபோது கண் திறந்திருந்தாள் என்று சொன்னேன். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் இருந்தது. முதலில் என் சட்டையைத்தான் பார்த்தாள். கறுப்பில் ஜரிகை போட்ட மேடைச் சட்டை. ஈரோட்டிலிருந்து நேராக வருகிறேன் என்று அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. ஒரு விரலால் மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளினாள். நர்ஸ் தள்ளக் கூடாது என்றாள். அவள் கேட்கவில்லை.

காரிலிருந்து பொட்டியை எடுத்து மரத்தடியில் வாட்ச்மேன் பெஞ்சில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படியேறி வர எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மாமா கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். வேதாகமத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்தார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"அவ சொன்னபடியே சொல்லுங்க" என்றார். "ஒரு எழுத்து மாறக் கூடாது."

சொன்னேன்.

"பொட்டிய வெயில்லயே உட்டுட்டு வந்துட்டீங்களா? போங்க, போயி நெழல்ல வெச்சுட்டு வாங்க. நான் இங்கதான இருக்கறேன்."